‘பார்டர்லைன் சுகர்தான், ஒண்ணும் ஆகாது’ - உண்மையிலேயே ஆகாதா?

ஆபீஸில் வருடாந்திர ஹெல்த் செக்கப். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, கேன்டீனில் ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். மறுநாள் போனில் ரிப்போர்ட் வரும். எல்லாம் சரியாக இருக்கும். ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பில் இருக்கும்: எச்பிஏ1சி 5.9. பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் காட்டினால், “பார்டர்லைன்தான் மச்சி, எனக்கும் அப்படித்தான் இருக்கு, ஒண்ணும் ஆகாது” என்பார். அதோடு அந்த ரிப்போர்ட்டை மறந்துவிடுவோம்.

நண்பர் சொன்னதில் பாதி சரி. இன்றைக்கு ஒன்றும் ஆகாது. வலி இருக்காது, மயக்கம் வராது, வேலை கெடாது. ஆனால் ரத்த அழுத்தம், மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கொழுப்பு என்று பின்னால் வரக்கூடிய பல நாள்பட்ட நோய்களுக்கு முன்கூட்டியே கிடைக்கும் தகவல் அந்த ஒரு வரி. நம் அன்றாடப் பழக்கங்களை மாற்றினால் அதிகப் பலன் கிடைக்கக்கூடிய கட்டமும் இதுதான்.

பார்டர்லைன் என்றால் எவ்வளவு?

டாக்டர்கள் இதை ‘ப்ரீடயாபடீஸ்’ என்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. பொதுவாகப் பயன்படுத்தப்படும் அளவுகோல் இது:

- எச்பிஏ1சி (கடந்த சுமார் 3 மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை): 5.7-க்குக் கீழே இயல்பு, 5.7 முதல் 6.4 வரை பார்டர்லைன்; 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய்.
- வெறும் வயிற்றில்: 100-க்குக் கீழே இயல்பு; 100 முதல் 125 வரை பார்டர்லைன்; 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய்.
- குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து: 140-க்குக் கீழே இயல்பு, 140 முதல் 199 வரை பார்டர்லைன், 200-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய்.

ஒரு எச்சரிக்கை. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால், எச்பிஏ1சி உண்மையான அளவைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம் ஊரில் பெண்களுக்கு ரத்தசோகை சகஜம் என்பதால், அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வராமல் மற்ற பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

எத்தனை பேர் இந்த நிலையில் இருக்கிறார்கள்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து, நாடு முழுக்க 1,13,043 பேரைப் பரிசோதித்தன. 2008 முதல் 2020 வரை கட்டம் கட்டமாக நடந்த அந்த ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அதைவிடக் கூடுதலாக, 13.6 கோடிப் பேர் பார்டர்லைனில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 14.4 சதவீதம். அதாவது ஏழு பேரில் ஒருவர். இந்திய அளவில் மூன்றில் ஒருவருக்கும் மேல் உயர் ரத்த அழுத்தம் இருப்பதையும் அதே ஆய்வு காட்டியது.

இளம் வயதில் வந்தால் என்ன வித்தியாசம்?

“எப்படியும் ஒரு நாள் வரத்தான் போகுது. அப்பாவுக்கு இருக்கு, அம்மாவுக்கு இருக்கு. இப்ப வந்தா என்ன, அப்புறம் வந்தா என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. வித்தியாசம் நிறைய இருக்கிறது.

வசதியான 19 நாடுகளின் தரவுகளை வைத்துச் செய்யப்பட்ட பெரிய ஆய்வு ஒன்றும் 2023-ல் வெளியானது. அமெரிக்க இறப்பு விகிதத்தை வைத்துக் கணக்கிட்டபோது, 50 வயதில் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டவர்கள், நோய் இல்லாதவர்களைவிடச் சராசரியாக 6 ஆண்டுகள் முன்பே இறக்கிறார்கள். 40 வயதில் வந்தால் 10 ஆண்டுகள். 30 வயதிலேயே வந்தால் 14 ஆண்டுகள். இவை சராசரிதான். தனி ஒருவரின் ஆயுளை இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கூடுதல் சர்க்கரையோடு எத்தனை ஆண்டுகள் ரத்தக் குழாய்கள் வாழ்கின்றன என்பதுதான் கண், சிறுநீரகம், இதயம், பாத நரம்பு எல்லாவற்றின் கதையையும் தீர்மானிக்கிறது என்பது தெளிவு.

எந்த வேலையைத் தள்ளிப்போட்டாலும் வீட்டில் திட்டு விழும். சர்க்கரை நோயை மட்டும் எவ்வளவு தள்ளிப்போடுகிறோமோ அவ்வளவு லாபம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த இன்சுலின் சொல்வதைக் கேட்டு, தசைகள்தான் சர்க்கரையில் பெரும் பங்கை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கல்லீரலும் தன் பங்கைச் சேமித்துக்கொள்கிறது.

நாள் முழுக்க அசையாமல் இருந்தால் தசைகளில் சேமிப்பு தீராது. புதிதாக வரும் சர்க்கரைக்கு அங்கே இடம் குறைவு. மிஞ்சியது கொழுப்பாகி வயிற்றைச் சுற்றியும் கல்லீரலிலும் சேர்கிறது. அந்தக் கொழுப்பு சேரச் சேர, இன்சுலின் சொல்வதைத் தசையும் கல்லீரலும் சரியாகக் கேட்பதில்லை. கணையம் சும்மா இருக்குமா? கூடுதலாகச் சுரந்து சமாளிக்கிறது. கிட்டத்தட்ட தினமும் ஓவர்டைம் பார்க்கிற மாதிரி. வருடக்கணக்கில் ரிப்போர்ட் நார்மலாகவே வரும். கணையம் களைத்துப்போகும்போதுதான் எண் மெல்ல ஏறுகிறது. ஆக, பார்டர்லைன் என்று தெரியவரும்போதே இந்தக் கதை ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகியிருக்கும்.

வெளியே தெரிகிற அடையாளம் சிலருக்கு உண்டு. பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுத்துப்போகும். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தாலும் போகாது. அது இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். க்ரீம் வாங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

‘நான் ஒல்லிதானே, எனக்கு எதுக்கு?’

2004-ல் புகழ்பெற்ற ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு போட்டோ வெளியானது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டாக்டர்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பின் அளவு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்.

இந்தியர்கள் பலரின் உடல்வாகு இப்படித்தான். கை, கால் ஒல்லியாக இருக்கும், தசை குறைவாக இருக்கும், வயிற்றுப் பகுதியில் மட்டும் கொழுப்பு சேரும். அதனால்தான் நமக்கு பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, 25-ஐத் தாண்டினால் உடல்பருமன் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மேலை நாட்டவர்களுக்கு இது 25, 30.

எடை மெஷினைவிட இங்கே டெய்லர் டேப் அதிகம் சொல்லும். ஆண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும். பேன்ட் சைஸை நம்பாதீர்கள். பலர் தொப்பைக்குக் கீழே இறக்கித்தான் பேன்ட் போடுகிறோம். மூச்சை இயல்பாக விட்டபிறகு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் அளந்து பாருங்கள்.

டிரைவரா, கண்டக்டரா?

உட்கார்ந்தே இருப்பதன் ஆபத்தை உலகத்துக்குச் சொன்னது லண்டன் பஸ்கள். 1953-ல் ஜெரமி மோரிஸ் என்ற டாக்டர், அங்குள்ள மாடி பஸ்களில் வேலை பார்ப்பவர்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். டிரைவர் ஷிஃப்ட் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே நிறுவனம், ஒரே பஸ். ஆனால் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது.

‘குண்டாக இருப்பவர்கள்தான் டிரைவர் வேலைக்கு வருகிறார்களோ’ என்ற சந்தேகம் எழுந்தது. மோரிஸ் குழுவினர் யூனிஃபார்ம் பேன்ட்களின் இடுப்பளவை எடுத்துப் பார்த்தார்கள். டிரைவர்களின் இடுப்பளவு கூடுதலாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரே மாதிரி உடல்வாகு கொண்டவர்களை ஒப்பிட்டபோதும் கண்டக்டர்களுக்கே ஆபத்து குறைவாக இருந்தது.

லேப்டாப் முன் 9 மணி நேரம், போகவர கேப் அல்லது பைக், வீடு வந்தால் சோபா என்றால் நாமும் டிரைவர்கள்தான். காலையில் ஜிம்முக்குப் போவது நல்லது. ஆனால் மீதி நேரமெல்லாம் அசையாமல் இருப்பதற்கு அது முழு ஈடாகாது.

இதில் நமக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. வேலை செய்துகொண்டிருக்கும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சாப்பிட்ட பிறகு 10, 15 நிமிடம் நடந்தால், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை வெறும் 2 நிமிடம் நடந்தவர்களுக்கே, தொடர்ந்து உட்கார்ந்திருந்தபோது ஏறியதைவிடச் சர்க்கரை குறைவாக ஏறியது என்று 2012-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது.

தூக்கத்துக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்?

1999-ல் சிகாகோவில் ஒரு சோதனை நடந்தது. ஆரோக்கியமான 11 இளைஞர்களை, தொடர்ந்து 6 இரவுகள் 4 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். ஒரே வாரத்தில் அவர்கள் உடல் சர்க்கரையைக் கையாளும் வேகம் கணிசமாகக் குறைந்தது. பிறகு நன்றாகத் தூங்கவிட்டபோது நிலைமை சரியானது.

அமெரிக்க கிளையன்ட் கால் முடித்து, ரீல்ஸ் பார்த்து, ரெண்டு மணிக்குப் படுத்து, ஏழு மணிக்கு எழுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. தூக்கம் குறைந்தால் பசியும் கூடும், அதுவும் நள்ளிரவில் பிரியாணி ஆர்டர் பண்ணும் பசி. ஷிஃப்ட் வேலையை உடனே மாற்ற முடியாது என்பது புரிகிறது. ஷிஃப்ட் இருக்கும்வரை, படுக்கும் நேரத்தையாவது தினமும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளலாம். இரவு 10 மணிக்கு மேல் கனமான சாப்பாட்டைத் தவிர்க்கலாம்.

சாதத்தை விட்டுட்டு சப்பாத்திக்கு மாறினால் போதுமா?

பார்டர்லைன் என்று தெரிந்ததும் வீட்டில் எடுக்கப்படும் முதல் முடிவு, “இனிமே ராத்திரிக்கு சப்பாத்தி”. ஆனால் நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் என்றால், மாவுச்சத்து அங்கேயும் அதே அளவுதான்.

முன்பு சொன்ன அதே ஆய்வுக் குழு, இந்தியர்களின் உணவுப் பழக்கம் பற்றி 2025-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. நம் உணவில் கிடைக்கும் மொத்தக் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. புரதம் மிகக் குறைவு. அரைத்த கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாறுவதால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் பொருள்கள், முட்டை, மீன் போன்றவற்றின் புரதத்தை வைத்தவர்களுக்கு ஆபத்து குறைவாக இருந்தது.

ஆக, அரிசியைப் பகைத்துக்கொள்ளத் தேவையில்லை. தட்டில் இடம் மாற வேண்டும். பாதித் தட்டு பொரியல், கூட்டு, கீரை. கால் தட்டு சுண்டல், கெட்டிப் பருப்பு, முட்டை, மீன், கோழி, பன்னீர் இவற்றில் ஏதாவது. மீதி கால் தட்டுதான் சாதமோ சப்பாத்தியோ. இன்றைக்கு நம் தட்டில் பொதுவாக இது தலைகீழாக இருக்கிறது. சாதம் மலை மாதிரி, பொரியல் ஊறுகாய் மாதிரி.

டீ கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்பூன் சர்க்கரை 4 முதல் 5 கிராம். ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன், ஒரு நாளைக்கு நாலு டீ என்றால் 32 முதல் 40 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிஸ்கட், ஜூஸ், கூல்டிரிங்ஸ் எல்லாம் இதற்கு மேல். வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும்.

டீயோடு சேரும் சிகரெட்டும் கணக்கில் வரும். புகைப்பவர்களுக்கு, புகைக்காதவர்களைவிட டைப் 2 சர்க்கரை நோய் வரும் ஆபத்து 30 முதல் 40 சதவீதம் கூடுதல் என்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையம்.

இதெல்லாம் செய்தால் உண்மையிலேயே பலன் உண்டா?

உண்டு. அதற்கு ஒரு வலுவான ஆதாரம் சென்னையிலிருந்தே கிடைத்திருக்கிறது. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையிலான குழு, பார்டர்லைனில் இருந்த 531 பேரை 3 ஆண்டுகள் கண்காணித்து 2006-ல் முடிவை வெளியிட்டது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு 3 ஆண்டுகளுக்குள் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவு, நடைப்பயிற்சி என்று பழக்கங்களை மாற்றியவர்களில் அது 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் கிட்டத்தட்ட அதே அளவு, 40.5 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை.

அதே குழு பின்னர் வேலைக்குச் செல்லும் 537 ஆண்களிடம் இன்னொரு ஆய்வு செய்தது. ஒரு பகுதியினருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றி போனில் அடிக்கடி எஸ்எம்எஸ் மட்டும் அனுப்பினார்கள். 2 ஆண்டுகளில் அவர்களில் 18 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. எஸ்எம்எஸ் பெறாதவர்களில் 27 சதவீதம்.

அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்த ஆய்வில், எடையை 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி என்ற இலக்கோடு பழக்கங்களை மாற்றியவர்களுக்கு ஆபத்து 58 சதவீதம் குறைந்தது. சீனாவின் டாச்சிங் நகரில் 1986-ல் தொடங்கிய ஆய்வில் பங்கேற்றவர்களை 30 ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். பழக்கங்களை மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோய் சராசரியாக சுமார் 4 ஆண்டுகள் தாமதமாக வந்திருந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 26 சதவீதம் குறைந்திருந்தன. ஆயுள் சுமார் ஒன்றரை ஆண்டு கூடியிருந்தது.

அப்போ நோய் வந்தால் நம் தப்பா?

இல்லை. சென்னை ஆய்வை இன்னொரு முறை பாருங்கள். எல்லாவற்றையும் மாற்றியும் நூற்றில் 39 பேருக்கு, அதாவது கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கினருக்கு, நோய் வந்திருக்கிறது. மரபணு, குடும்ப வரலாறு, தாயின் வயிற்றில் இருந்தபோது கிடைத்த ஊட்டம், ஷிஃப்ட் வேலை, நடக்க இடமில்லாத தெரு என்று நம் கையில் இல்லாதவை நிறைய. “வாயைக் கட்டல, அதான் வந்துடுச்சு” என்று ஒருவரைக் குத்திக்காட்டுவது மருத்துவரீதியாகவும் தவறு. பழக்கங்கள் ஆபத்தைக் குறைக்கும். உத்தரவாதம் தராது.

என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும் திங்கட்கிழமையிலிருந்து மாற்றுகிறேன் என்று இறங்கினால் வியாழக்கிழமை நின்றுபோகும். இவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுங்கள்:

- மதியமும் இரவும் சாப்பிட்டதும் 10 நிமிட நடை. போன் கால்களை நடந்துகொண்டே பேசுங்கள்.
- வாரத்தில் 5 நாள், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் 30 நிமிட நடை.
- வாரத்தில் 2 நாள் தண்டால், பஸ்கி அல்லது டம்பெல். தசை கூடினால் சர்க்கரைக்கு இடம் கூடும்.
- இரண்டாம் முறை சாதம் போட்டுக்கொள்ளும் முன், இரண்டாம் முறை பொரியல் அல்லது சுண்டல்.
- ஒரு நாளைக்கு 7 மணி நேரத் தூக்கம்.

பார்டர்லைன் என்று வந்திருந்தால் வருடத்துக்கு ஒருமுறையாவது திரும்பப் பரிசோதியுங்கள். கூடவே ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்த பெண்களுக்குப் பின்னாளில் டைப் 2 வரும் ஆபத்து பல மடங்கு அதிகம். குழந்தை பிறந்ததும் சுகர் நார்மல் ஆகிவிட்டாலும் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைக் கடந்தவர்களுக்கு சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை இலவசம்.

சிலருக்கு டாக்டர் மாத்திரையும் பரிந்துரைக்கலாம். அதை அவர் முடிவு செய்யட்டும். நண்பர் சாப்பிடுகிறார் என்று மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள். ‘30 நாளில் சுகருக்கு குட்பை’ என்று வாட்ஸ்அப்பில் வரும் பொடிகளையும் நம்பாதீர்கள்.

5.9 அடுத்த வருடம் 5.6 ஆக இறங்கினால் நல்லது. 5.9-லேயே நின்றாலும் அது தோல்வி அல்ல. நோய் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போயிருக்கிறது. இப்படி 30 வயதில் வர வேண்டியதை 40-க்கோ 50-க்கோ தள்ளிவிட்டால், கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் அத்தனை வருடம் மிச்சம்.